கண்டன்சர்

சர்வீஸ் சென்டரில் அந்தப் பையன் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. "சார், வண்டியில ரீமேப், ட்யூனிங் பாக்ஸ் அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவன் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தட்டினான், திருப்பிக் காட்டினான், நான் விரலால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே அவன் பெயர் வந்து உட்கார்ந்தது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

காரின் பெயர் வேண்டாம். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல். அசல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். நாலு கதவு, பின்னால் குழந்தை சீட் மாட்டும் கொக்கி எல்லாம் உண்டு. ஆனால் விளம்பரத்தில் 'ஸ்போர்ட்' என்று போட்டுத்தான் விற்றார்கள், நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு இந்த நோய் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும். மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் ஓடுகிறது. 2005-இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் போனபோது நான் ஸ்கூலில் இருந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அவரை ஏதோ சித்தப்பா பையன் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தோம்.

ரீமேப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: இப்போதைய இன்ஜினில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், தீப்பொறி எந்த நொடியில் வர வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அமுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஈசியு என்ற ஒரு பெட்டி முடிவு செய்கிறது. அதற்குள் இருப்பது எண்கள் நிறைந்த அட்டவணைகள்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் லேப்டாப்பைச் செருகி அந்த அட்டவணைகளை மாற்றி எழுதலாம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். எனக்குச் செய்துகொடுத்த நண்பன் அரை மணி நேரத்தில் முடித்தான். கம்பெனிக் கணக்கில் 110 சொச்சம் குதிரைசக்தி; அவன் கணக்கில் 140-ஐத் தாண்டும்.

பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு ராத்திரி நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகிற பைபாஸில் மிதித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே கார்தான். ஆனால் இத்தனை நாள் யாரோ அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

"கம்பெனிக்காரன் வேணும்னே கம்மியா வச்சிருக்கான்டா" என்றான் நண்பன். இது பாதி உண்மை. ஒரே இன்ஜினை வெவ்வேறு சக்தியில், வெவ்வேறு விலையில் விற்கும் கம்பெனிகள் உண்டு. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் மென்பொருள் மட்டும்தான். மீதிப் பாதியை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பெனி விட்டுவைத்த அந்த மிச்சம் சும்மா கிடப்பதில்லை. மட்டமான பெட்ரோலுக்காக, ஏப்ரல் மாத வெயிலுக்காக, ஏர் ஃபில்டர் மாற்ற மறந்தவனுக்காக, மலைப்பாதையில் ஏசி போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு ஏறுகிறவனுக்காக வைத்த மிச்சம் அது. அதை ஒருவன் வேகமாக மாற்றி நமக்கே விற்கிறான். நம் காசை நமக்கே கடன் கொடுத்த மாதிரி.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டு போய், கியரைக் குறைக்காமல் அப்படியே ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அமுக்குவேன். "பாரு, கியரே மாத்தாம இழுக்குது பாரு." சின்ன டர்போ இன்ஜினுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் கொடுத்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே வெடிப்பு அதன் தலையில் இறங்கும். சுத்தியலால் அடிப்பது போலத்தான். அடி விழுவது பிஸ்டனில் வளையங்கள் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பில். ஒருநாள் அது உடையும்.

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிப் பொள்ளாச்சி வரும்போது உடைந்தது. கார் உதறியது, இன்ஜின் விளக்கு கண் சிமிட்டியது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை. 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வாரண்டி இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

முதலில் நண்பனுக்குத்தான் போன் செய்தேன். "ஒன்னும் பயப்படாத. ஒரிஜினல் ஃபைல் எங்கிட்ட இருக்கு. அதை ஏத்திட்டு நேரா சர்வீசுக்கு விடு. எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது." ஏற்றினான், நானும் விட்டேன். அங்கேதான் அந்தக் கேள்வி.

கண்டுபிடிக்க முடியும் என்பது அதற்கப்புறம் நான் ராத்திரி ராத்திரியாகப் படித்துத் தெரிந்துகொண்டது. பல ஈசியுக்கள் தங்களை எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கின்றன. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றுவதும் ஒரு எழுத்துதான். கணக்கில் ஒன்று கூடும். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆவ்டி கார்களில் மென்பொருள் மாற்றம் தெரிந்தால் 'டிடி1' என்று ஒரு குறியை அந்தக் காரின் பதிவில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு இன்ஜின் தொடர்பான வாரண்டிக்கு எந்த டீலரிடம் போனாலும் அந்தக் குறி முன்னால் வந்து நிற்கும். என் கார் அந்தக் குடும்பம் இல்லை. ஆனாலும் வயிற்றைக் கலக்கியது.

அமெரிக்காவில் இருக்கும் காலேஜ் நண்பன் வேறொன்று சொன்னான். அங்கே 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறதாம். எங்கள் பெயர் போட்ட பாகத்தை மாட்டினால்தான் வாரண்டி என்று கம்பெனி நிபந்தனை போட முடியாது. வெளிப்பாகம் மாட்டியதை மட்டும் காட்டி மொத்த வாரண்டியையும் ரத்து செய்துவிட முடியாது, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். "நீ வாதாடுடா" என்றான். இங்கே எங்கே வாதாடுவது? நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்துத் தீர்ப்புச் சொன்னது. இதில் இன்ஷூரன்ஸ்காரனிடமும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அந்த வாதம் எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ரீமேப்பே செய்யாத கார்களிலும் இப்படி பிஸ்டன் உடைந்திருக்கிறதே? என் ரீமேப்பால்தான் உடைந்தது என்று யார் சொல்ல முடியும்?

மூன்றாம் நாள் அந்தப் பையன் கூப்பிட்டான். கம்ப்ரஷன் மூன்றாவது சிலிண்டரில் விழுந்திருக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், வாரண்டி கிடைக்காவிட்டால் பிரித்த கூலி நம்முடையது, ஒரு சம்மதம் வேண்டும் என்றான். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நீ எதாச்சும் பண்ணுனியா கண்ணு?" என்றார்.

அவரிடம் பொய் வரவில்லை. அவர் முப்பது வருஷம் கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். பம்பு விற்பார், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவார். விற்ற பம்புக்கு ஒரு வருஷம் கேரண்டி. லீவு நாட்களில் பட்டறையில் வார்னிஷ் வாசனைக்கு நடுவேதான் வளர்ந்தேன், அதனால் அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நானே சொல்கிறேன். எனக்குப் பத்து வயசிருக்கும். அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் டெம்போவில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்தார். வாங்கி எட்டு மாசம். "தானா எரிஞ்சு போச்சுங்க" என்றார். அப்பா மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு. விட்டுவிட்டுக் கருகி, நடுவில் சில காயில் மட்டும் புதுசாக மின்னினால் ஒரு பேஸ் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது இரண்டாவது ரகம். தோட்டத்துக்கு ரெண்டு பேஸ் கரண்ட் மட்டும் வருகிற நேரத்தில் கண்டன்சர் போட்டு மூணு பேஸ் மோட்டாரை ஓட்டுவது அப்போது எல்லா ஊரிலும் உண்டு. மோட்டார் ஓடும், தண்ணியும் வரும். உள்ளே மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

"கண்டன்சர் போட்டீங்களாங்க?"

"அய்யோ, இல்லீங்க சாமி."

அப்பா ஒன்றும் பேசாமல் டார்ச்சை அவர் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். பெரியவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது, "வாழை காஞ்சுட்டிருந்துச்சுங்க" என்றார். கேரண்டி கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். செம்புக் கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார்.

அவருக்கு வாழை. எனக்கு நீலாம்பூர் பைபாஸ். இந்த ஒப்பீடு எனக்குச் சாதகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பையன் எழுதிக் குடுத்திருப்பானே, கஸ்டமர் ஒன்னும் பண்ணலைன்னு. அவன் பேர்லயா?"

மறுநாள் காலையில் நேரிலேயே போனேன். பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "சார், க்ளெய்ம் நேத்தே டைப் பண்ணிட்டேன் சார். இன்னும் அனுப்பல. போயிருந்தா, அங்க ஈசியு டேட்டாவை எடுத்துப் பாத்துட்டு பணத்தை டீலர்கிட்டயே பிடிப்பாங்க. டீலர் என் தலையிலதான் கட்டுவாங்க." வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிறதாம். திட்டுவான் என்று நினைத்தேன். கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, "மறுபடி ஒரு சைன் போடுங்க சார்" என்றான். அவ்வளவுதான்.

இன்ஜினுக்கும் டர்போவுக்கும் இனி வாரண்டி இல்லை. ஏசி, சஸ்பென்ஷன், எலெக்ட்ரிக்கல் எல்லாம் அப்படியே தொடரும் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். அதுவே பெரிய விஷயம் என்று பிறகு பலர் சொன்னார்கள். எழுத்தில் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பையன்தான். பில் 2,30,000 ரூபாய். பிஎஃப்-இல் கை வைத்தேன். நண்பன் இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, "நான் நல்ல பெட்ரோல்தான் போடச் சொன்னேன்" என்றான். அதுவும் உண்மைதான், சொன்னான்.

உடைந்த பிஸ்டனைக் கேட்டு வாங்கி வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி, வளையப் பள்ளத்தின் ஓரத்தில் பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் திருப்பினார். "இவ்வளவு மெல்லிசாவா வார்க்கறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "நெசமாலுமே நல்லா இழுத்துச்சா?" என்றார்.

"இழுத்துச்சுப்பா."

"ம்" என்றார்.

புது பிஸ்டனுக்கு முதல் 1,500 கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும். இப்போது 900-இல் இருக்கிறேன். 140 குதிரைசக்தி ஃபைல் லேப்டாப்பில்தான் இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.