சிப்பிச் சுண்ணாம்பு

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கீசர் கட்டியது 1560இல். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தனர், 1696இல் திருத்திக் கட்டினர். திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் இதற்குள் போயின என்பது ஊரவர் வழிவழியாகச் சொல்வது. ஆண்டவர்களின் பெயர் எல்லாம் இருக்கிறது. கல்லடுக்கியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியைத் தேடித்தான் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன் ஒருவரோடு போனேன்.

கொத்தளத்தடியில் அவர் இரண்டு கல்லுக்கு நடுவே விரலை ஓட்டினார். "கல்லைப் பாக்காதேங்கோ தம்பி, இடையில கிடக்கிற சாந்தைப் பாருங்கோ."

இப்படிப்பட்ட சாந்துக்குச் சிப்பி ஓட்டையும் விறகையும் மாறிமாறி அடுக்கிச் சூளை வைப்பார்கள். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் ஓடு வெந்து நீறாகும். தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பூத்து மாவாகும். அதை அரித்து, மணல் கலந்து, நாள்பட ஊறவைத்து அரைக்க வேண்டும். பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறலும் சேர்ப்பதுண்டு. சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மறுபடி கல்லாகும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையல்ல.

பழைய சுவர்களுக்குச் சீமெந்து பூசுவதைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் சுருங்கியது. "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் தம்பி. சீமெந்து அடைச்சுப்போடும். உள்ள நிக்கிற உப்பு கல்லைத் திண்டுபோடும்." ஈரத்தோடு ஏறும் கடலுப்பு வெளியேற வழியின்றி உள்ளேயே படிகமாகி, கல்லைப் பொரியவைக்கிறது. நல்லெண்ணத்தில் செய்யும் பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கொல்கிறது என்பது எனக்குப் பெரும் வேதனை.

பிற்பகலில் அரிப்பு என்ற கரையோர ஊருக்குப் போனோம். ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் மாளிகையை, முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தார். தூண்கள்கூடச் செங்கல்தான். மேலே முத்துச்சிப்பிச் சுண்ணாம்பு பூசி, பளிங்குபோல் மெருகிட்டார்கள். முத்தை எடுத்தபின் எறிந்த ஓடே மாளிகைக்கு வெண்மை தந்தது. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்பு அந்தப் பூச்சிலும் இருக்கிறது. எனக்கு இது நோர்த்தின் மாளிகை மட்டுமல்ல, அவர்களுடையதும்தான்.

இப்போது மேட்டுக்கரையைக் கடல் அரிக்கிறது; சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. சுண்ணாம்புக்காகக் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சுடுவதையும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடுத்தது. பவளப்பாறையைக் காக்க அது வேண்டியதுதான். ஆனால் சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பும் கூடவே கைவிட்டுப் போக வேண்டியதில்லை. இளம் மேசன்களுக்கு அதைப் பழக்கும் பட்டறை ஒன்று மன்னாரிலேயே நடக்க வேண்டும்.

முதலில் எதைச் செய்யலாம் என்று மேசன் ஐயாவிடம் கேட்டேன்.

"கரைக்குக் கல்லணை போடச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நிக்கிற தூணையெல்லாம் அளந்து கீறி வையுங்கோ. வட்டத்துக்குச் செங்கல்லை எப்பிடி வெட்டினவங்கள் எண்டு விழுந்தாப் பிறகு ஆரிட்டக் கேக்கிறது?"