வரம்போரத்துக் கதிர்

ரொறொன்ரோ

அன்புள்ள தம்பிக்கு,

வயலின் ஓரங்களை முற்றாக அறுத்துவிடலாகாது, சிந்திய கதிர்களை நிலத்துக்குரியவன் திரும்பிச் சென்று பொறுக்கலாகாது, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் விதித்திருக்கும் பிரமாணத்தைப் பற்றி, நெல்லை நம்பிச் சீவிக்கும் நம்முடைய ஊரில், பிரசங்க பீடத்திலிருந்து எவரும் விரித்துரைத்து நான் கேட்டதில்லை. ரூத்தின் சரித்திரத்தைக் கலியாண வீடுகளில் வாசிக்கிறோம். அந்தச் சரித்திரம் முழுவதும் இந்தப் பிரமாணத்தின் மேலேயே நிற்கிறது என்பதை நினைப்பவர் சிலரே. மோவாபிய ஸ்திரீயாகிய அவள் பெத்லகேமின் வயலில் இரந்து நிற்கவில்லை. தனக்கு உரிமையானதைக் குனிந்து பொறுக்கினாள். போவாசோ பிரமாணம் கேட்டதற்கு மேலும் ஒரு படி சென்று, கட்டிய அரிகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை நழுவவிடுமாறும், பொறுக்குகிறவளை ஒருவரும் அதட்டலாகாதென்றும் வேலைக்காரருக்குச் சொல்லிவைத்தான். கொடுப்பதைக் காட்டிலும் கொடுப்பதை மறைப்பதில் அவன் காட்டிய கவனமே என் நெஞ்சைத் தொடுகிறது.

பரந்தனிலும் முரசுமோட்டையிலும் அருவி வெட்டு கையால் நடந்த காலத்தில், வெட்டுக்காரருக்குப் பின்னால் கதிர் பொறுக்க வருவோர் இருந்தனர். இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி, வெட்டும் சூடடிப்பும் ஒன்றாய் முடித்து, நெல்லைச் சாக்கில் கட்டக்கூடிய நிலையில் தந்துவிடுகிறது. ஆகையால் அந்தப் பிரமாணத்தின் எழுத்தை இனி நாம் அனுஷ்டிக்க வழியில்லை. அதன் கருத்தைத்தான் அனுஷ்டிக்க முடியும். கருத்தை அனுஷ்டிப்பது எழுத்தை அனுஷ்டிப்பதைவிடச் செலவு கூடிய காரியம்.

பிரமாணம் சொல்லும் அந்தப் பரதேசி வன்னியிலே யாரென்று நீ கேட்கமாட்டாய். நித்தம் அவர்களோடு பழகுகிறவன் நீ. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு தேசங்களுக்கிடையே தலைக்கணக்கிற் பங்கிடப்பட்டு, 1977ஆம் ஆண்டு வன்செயலில் இருந்த இடத்தையும் இழந்து, உயிரொன்றையே கையிற்கொண்டு வடக்கு நோக்கி வந்த மலையக மக்களில் பலர், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களை வரவேற்க வவுனியாவில் காந்தீயம் என்றொரு இயக்கம் இருந்தது. அதை நடத்திய வைத்தியர் இராஜசுந்தரமும், கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும், தங்கள் தொழிலால் வந்திருக்கக்கூடிய சுகவாழ்வைத் துறந்து, அந்தக் குடும்பங்களுக்குக் காணியும் கிணறும், பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலையும் தேடிக்கொடுப்பதிலே ஈடுபட்டார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாகினர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, தமிழகத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, முதுமையின் எல்லையில் தாயகம் திரும்பி, 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியிலேயே கண்மூடினார். முல்லைத்தீவின் டொலர் பண்ணையிலும் கென்ற் பண்ணையிலும் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்களோ 1984இல் அங்கிருந்து துரத்தப்பட்டு மறுபடியும் பரதேசிகளாயின. இராஜசுந்தரமும் டேவிட்டும் எந்தச் சபையின் பெயராலும் அந்தப் பணியைச் செய்யவில்லை. ஆயினும், அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்ற கேள்வியையும் கேட்டு ஜனங்களைப் பிரிக்கும் மத்தேயு 25ஆம் அதிகாரத்து நியாயத்தீர்ப்பிலே, அவர்களை இடதுபக்கத்தில் நிறுத்திப் பார்க்க என் மனம் ஒருபோதும் துணிவதில்லை.

மலையக மக்கள் அப்படிக் குடியேறிய மலையாளபுரத்தையும் பாரதிபுரத்தையும் கிருஷ்ணபுரத்தையும் நீ அறிவாய். இரணைமடுக் குளத்தின் அருகே வாழ்ந்தும், அதன் வாய்க்கால் நீர் ஏறாத மேட்டுக்காணிகளிலேயே அங்குள்ளோரிற் பெரும்பாலோர் இருக்கிறார்கள். சிறுபோகத்துக்கு நீர் பங்கிடும் கூட்டத்திலே, காணி உள்ளவனுக்கே பங்கு, காணியில்லாதவனுக்கு நாட்கூலி. நம்முடைய வரம்பைக் கட்டியதும், களை பிடுங்கியதும், சாக்குச் சுமந்ததும் அவர்களுடைய கைகள். பிடித்துவைக்கப்பட்ட கூலி அறுத்தவர்களுக்காகக் கூக்குரலிடுகிறதென்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியதைக் கூலி கொடாதவனுக்கு மாத்திரம் உரிய கண்டனமாக நான் வாசிப்பதில்லை. பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு, அவன் பிள்ளையையும் அடுத்த தலைமுறையில் அதே கூலிக்கு எதிர்பார்த்திருக்கிறவனுக்கும் அது பொருந்தும்.

இதை எழுத எனக்கு ஒரு விசேஷமான கடன் உண்டு. 1986 ஓகஸ்ட் மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த நம்மவர் 155 பேரை, கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டார். மற்றைய மீன்பிடிப் படகுகளையும் அழைத்து அவர் அவர்களைக் காப்பாற்றினார். எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை அவர்கள் முதலில் மறைத்திருந்தார்கள். உண்மை வெளிப்பட்ட பின்னும் கனடாவாகிய இந்தத் தேசம் அவர்களைத் திருப்பியனுப்பவில்லை. அந்தக் கதவினூடாகவே பின்னர் நாங்களும் வந்தோம். அப்படிச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களாகிய எங்களில் பலர் இன்று வன்னியிலே இல்லாத நிலக்காரர்களாக இருந்து, உழாத வயலுக்குக் குத்தகை பெறுகிறோம். எகிப்திலே நீங்களும் பரதேசிகளாயிருந்தீர்களே என்று மோசே தன் ஜனத்துக்குத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தியது, செழித்த பிறகு ஜனங்கள் முதலில் மறப்பது அதைத்தான் என்பதாலாயிருக்க வேண்டும். அதே லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் இன்னும் ஆழமாய்ச் செல்கிறது: பூமி கர்த்தருடையது, அதன்மேல் நாமெல்லாரும் குடியிருக்க வந்தவர்களே. காணி உறுதியை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பவனுக்கு இந்த வாக்கியம் கசக்கும். கசந்தாலும் அது வேதமே.

புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணத்திலே ஊரில் ஆலயங்கள் புதிதாய் எழும்பியிருக்கின்றன. போரில் இடிந்தவற்றைக் கட்டுவதை நான் குறைகூறமாட்டேன். ஜெபிக்க ஒரு கூரை வேண்டும். ஆனால் மணிக்கோபுரத்துக்கு எழுதிய தொகையில் ஒரு பங்காவது அக்கோபுர நிழலில் நிற்கும் குடும்பத்தின் குழாய்க் கிணற்றுக்குப் போயிருந்தால், மணியின் ஓசை அவர்கள் காதுக்கு வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

இனி நம்முடைய காணி. 2018 டிசம்பரில் இரணைமடு வான்பாய்ந்து வயல்கள் மூழ்கின. 2021இல் இரசாயனப் பசளை தடைப்பட்டு விளைச்சல் சரிந்தது. இத்தகைய வருஷங்களிலும் குத்தகையை முழுதாய் வாங்குவது ஊர் வழக்கமாயிருக்கலாம். நமக்கு அது வழக்கமாயிருக்கலாகாது. விளைச்சல் பொய்த்த போகத்துக்குக் குத்தகை இல்லை என்று, செய்கிறவருக்கு வாயால் அல்ல, எழுத்தில் கொடு. றோட்டோரத்து மேட்டுக்காணி உறுதிக்காணிதான். அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டியிருக்கும், இதற்கு அது வேண்டியதில்லை. அதிலே கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கு, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போதிய பங்கைக் கிணற்றோடு சேர்த்து அளந்து, அக்குடும்பத்துத் தாயின் பெயரில் உறுதி முடிக்க நொத்தாரிசைக் கண்டு பேசு. என் கையொப்பத்துக்குரிய அற்றோணித் தத்துவத்தை இங்கிருந்து அனுப்புகிறேன். நில அளவையாளரின் செலவு என்னுடையது. அந்தத் தாய் நன்றி சொல்ல வந்தால், இது அண்ணன் கொடுத்ததென்று சொல்லாதே. இத்தனை வருஷம் அந்த மண்ணைக் காத்ததற்கான பாக்கி என்று சொல்.

அன்புடன்,
அண்ணா