இனிப்புக்கு எதிர் காரம்

மதுரை

அன்பு மருமகள் கயலுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மட்டும் ராத்திரியானால் எதுக்களிக்கிறது. புளிக்குழம்பை விடச் சொன்னால் கேட்கிறாளா?

'எதிர் என்றால் பகைதானே, அப்புறம் ஏன் எதிர்காலம் என்கிறோம்?' என்று உன் வகுப்புப் பையன் கேட்டானாமே. கெட்டிக்காரன்! பகல் × இரவு, இன்பம் × துன்பம் என்று நடுவில் பெருக்கல் குறியைப் போட்டுப் போட்டு நாம்தான் பிள்ளைகளை அப்படிப் பழக்கிவிட்டோம். எதிர் என்றால் முதலில் முகத்துக்கு நேரே இருப்பது, நேரே வருவது. எதிர்வீட்டுக்காரி எதிரியா என்ன? உறைமோர் தீர்ந்தால் அத்தை ஓடுவதே எதுத்த வீட்டுக்குத்தான். நேரே வந்து மல்லுக்கு நிற்பவன் எதிரி ஆனதெல்லாம் அந்த நேர்நிலையிலிருந்துதான். காலக்கணக்கும் அதேதான். இறத்தல் என்றால் கடத்தல். கடந்து போனது இறந்தகாலம், நம்மை நோக்கி வருவது எதிர்காலம்.

அவனுக்கு எதிர்சேவையைச் சொல்லு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், அழகர்கோயிலிலிருந்து வருகிறவரை மூன்றுமாவடியில் சனம் திரண்டு போய் எதிர்கொள்ளுமே, அது. செம்பு நிறையச் சர்க்கரை, வாயை மூடி வாழையிலை, அதன்மேல் சூடம். சூடம் எரிய எரிய இலை வதங்கி ஒரு வாசனை வரும், உனக்கு ஞாபகம் இருக்கும். வேடம் கட்டினவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அந்த எதிரில் பகை எங்கே இருக்கிறது?

இன்னொன்று. இனிப்புக்கு எதிர்ச்சொல் காரம் என்று எழுதின பிள்ளைக்கு மதிப்பெண் போடவில்லை என்றாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. விடைக்குறிப்பில் கசப்பு என்று இருக்கட்டும். மிட்டாய்க்கடைக்காரர் அரைக் கிலோ மைசூர்பாகைக் கட்டிக் கொடுத்துவிட்டு 'காரம் என்ன போடட்டும்?' என்றுதானே கேட்கிறார், பாகற்காயையா நீட்டுகிறார்? அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறது. பெரியம்மா × சின்னம்மா என்று யாராவது எழுதினால் மட்டும் தாராளமாக அடித்துவிடு. உன் அம்மாவும் பெரியம்மாவும் எதிரும் புதிருமாக இருந்தபோதுகூட ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் ரசத்தோடு வந்து நிற்பாள்.

அந்தப் பிள்ளைக்கு அரை மதிப்பெண்ணாவது போட்டுவிடு.

அன்புடன்,
மாமா