அம்மாவும் அகலேசியாவும்

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சுட்டு சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற சராசரி ஆசாமி. கீழே வர்ற மருத்துவ சமாச்சாரம் எல்லாம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சதுல கத்துக்கிட்டது. இதைப் படிச்சுட்டு நீங்களே வைத்தியம் பாத்துக்காதீங்க மக்களே.

ஒரு வாய் சோத்தை முழுங்கினா அது தொபுக்கடீர்னு வயித்துல போய் விழுந்துடறதில்லை. நடுவுல சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு உணவுக்குழாய் இருக்கு. அதோட தசை மேலேர்ந்து கீழ வரைக்கும் அலை மாதிரி சுருங்கி சுருங்கி சாப்பாட்டைத் தள்ளிக்கிட்டே போகும். வயித்து வாசல்ல வட்டமா இன்னொரு தசை, எப்பவும் மூடியே இருக்கற கதவு மாதிரி. நாம முழுங்கும்போது மட்டும் தளர்ந்து வழி விடும். இந்த ரெண்டையும் கவனிச்சுக்கறது குழாயோட சுவத்துக்குள்ளயே இருக்கற நரம்பு செல்கள். அதுங்க அழிஞ்சு போனா அலையும் நின்னுடும், கதவும் ஒழுங்கா திறக்காது. இதுக்குப் பேர்தான் அகலேசியா. கிரேக்கத்துல 'தளராமை'ன்னு அர்த்தமாம். வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஏறக்குறைய ஒருத்தருக்குப் புதுசா வர்ற வியாதி. அந்த ஒருத்தர் எங்க அம்மா.

2020 கடைசியில ஆரம்பிச்சது. எங்களுக்கு கோவில்பட்டி பக்கம். சாப்பிட்டா நெஞ்சுல நிக்குதுன்னாங்க. ஒரு இட்லி இறங்க ரெண்டு டம்ளர் தண்ணி வேணும். சில சமயம் பாதி சாப்பாட்டுல எழுந்து நின்னு, ரெண்டு கையையும் மேல தூக்கி நெஞ்சை நிமித்துவாங்க. அப்புறம்தான் இறங்கும். ராத்திரி படுத்தா இருமல். காலையில தலகாணியில ஈரம், அதுல முந்தின ராத்திரி சாப்பிட்ட பருக்கை அப்படியே கிடக்கும். செரிச்ச அடையாளமே இருக்காது. வயித்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்த சோறு இல்லை அது. வயித்தையே பாக்காத சோறு.

உள்ளூர் டாக்டர் கேஸ் ட்ரபிள்னு சொல்லி பான்டாபிரசோல் எழுதினார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கேக்கலை. மாத்திரை பேர் மாறிச்சு, கலர் மாறிச்சு, நெஞ்சுல நிக்கறது மட்டும் மாறலை. நடுவுல சித்தி ஒருநாள் தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தெரியாதவங்களுக்கு: தொண்டையில சிக்கின சாப்பாட்டை வாயால உறிஞ்சி எடுக்கறதா சொல்ற வைத்தியம். அந்தம்மா ஒரு கறித்துண்டை எடுத்துக் காட்டி 'இதான் இத்தனை நாளா நின்னுச்சு'ன்னு சொல்லி காசு வாங்கிக்கிட்டாங்க. எங்க அம்மா சுத்த சைவம் :-)

2021ல ஒரு ஆஸ்பத்திரியில எண்டோஸ்கோப்பி பாத்தாங்க. 'லேசான கேஸ்ட்ரைட்டிஸ், மத்தபடி நார்மல்'னு ரிப்போர்ட். (எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்ல இந்த வரி இல்லாத ஆளை நான் இன்னும் பாக்கலை.) இங்கதான் மேட்டரே. ஆரம்பத்துல அகலேசியா எண்டோஸ்கோப்பிக்கு சிக்காமலே போகலாம். புண் இல்லை, கட்டி இல்லை, சுவர் பாக்க சுத்தமா இருக்கும். மூடியிருக்கற கதவு கூட கேமரா லேசா அழுத்தினா வழி விட்டுடும். பொட்டி தட்டறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, கோடை வரி வரியாப் படிச்சா ஒரு தப்பும் இருக்காது. ஓட விட்டாத்தான் தொங்கும்.

ரிப்போர்ட் நார்மல்னு ஆனதும் கதை வேற பக்கம் திரும்பிடுச்சு. இன்னொரு டாக்டர் 'மனசுதான்மா காரணம், பையன் தூரத்துல இருக்கான்ல'ன்னு பதட்டத்துக்கு மாத்திரை குடுத்தார். அன்னிக்கு ராத்திரி போன்ல அம்மா கேட்டாங்க.

"எனக்குக் கிறுக்குன்னு சொல்லுதாகளா ஐயா?"

அதுக்கப்புறம் அம்மா கல்யாண வீட்டுக்குப் போறதை நிறுத்திட்டாங்க. பந்தியில உக்காந்து பாதியில எழுந்து கையைத் தூக்கினா நாலு பேர் பாப்பாங்களே. 58 கிலோ இருந்தவங்க 2023 ஆரம்பத்துல 45. ஜாக்கெட் எல்லாம் ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சாச்சு. தெருவுல பாக்கறவங்க 'சுகரா?'ன்னு கேட்டாங்க. கேக்காதவங்க மனசுல என்ன நினைச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அதே பயம்தான், வாய் விட்டுச் சொல்லலை.

அப்பதான் மதுரையில ஒரு வயசான இரைப்பை குடல் டாக்டர். ஃபைலைத் திறக்கவே இல்லை. அரை மணி நேரம் கேள்விதான்.

"கெட்டியா சாப்பிட்டா மட்டும் நிக்குதாம்மா, இல்ல தண்ணியும் நிக்குதா?"

"தண்ணியும் நிக்கும் டாக்டரய்யா."

"இது இப்பவா, ஆரம்பத்துல இருந்தேவா?"

"ஆரம்பத்துல இருந்தே. சில நாளு சோறு போயிரும், தண்ணி போவாது."

அந்தப் பதிலுக்கு அப்புறம் அவர் முகமே மாறிடுச்சு. என்னைப் பாத்து விளக்கினார். குழாய்ல கட்டி வளர்ந்து அடைச்சா, வழக்கமா முதல்ல கெட்டியான சாப்பாடுதான் நிக்கும். அடைப்பு கூடக் கூட கஞ்சி, அப்புறம் தண்ணி. முதல் நாள்ல இருந்தே ரெண்டும் நிக்குதுன்னா பிரச்சினை பெரும்பாலும் அடைப்புல இல்லை, அசைவுல. ரெண்டே ரெண்டு கேள்வி. மூணு வருஷத்துல ஒருத்தரும் கேக்கலை. இதை எழுதும்போது கூட எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருது.

அடுத்த நாள் பேரியம் எக்ஸ்ரே. சுண்ணாம்பைக் கரைச்ச மாதிரி வெள்ளையா ஒரு திரவம் குடிக்கச் சொல்லி, அது இறங்கறதைப் படம் எடுக்கறாங்க. ஒரு நிமிஷத்துல ஒண்ணு, ரெண்டுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு. அஞ்சு நிமிஷம் கழிச்சும் வெள்ளைத் தூண் அப்படியே நிக்குது. மேல அகலமா விரிஞ்ச குழாய், கீழ சட்டுனு கூராகி முடியுது. பறவை அலகுன்னு இதுக்குப் பேராம். அம்மா படத்தைப் பாத்துட்டு, "கிளி மூக்கு மாதிரில்ல இருக்கு"ன்னாங்க.

ஊர்ஜிதம் பண்ணினது மானோமெட்ரி. மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாயை வயிறு வரைக்கும் விடறாங்க. அதுல சென்டிமீட்டருக்கு ஒண்ணா மொத்தம் 36 சென்சார். அஞ்சு மில்லி தண்ணியைப் பத்து தடவை முழுங்கச் சொல்லி ஒவ்வொரு இடத்துலயும் அழுத்தத்தைக் கலர் படமா வரையும். நல்லா இருக்கறவங்களுக்கு மேலேர்ந்து கீழ சாய்வா ஒரு கலர் பட்டை ஓடும், அதான் அலை. அம்மாவுக்கு சாய்வே இல்லை. முழுங்கும்போதெல்லாம் குழாய் முழுக்க ஒரே நேரத்துல நெட்டுக்குத்தா ஒரு பட்டை. வாயைக் கட்டின பலூனை அமுக்கின மாதிரி. அகலேசியாவுல மூணு வகை இருக்கு, இது ரெண்டாவது வகை, சிகிச்சைக்கு நல்லாக் கேக்கறது இதுதான்னு டாக்டர் சொன்னார்.

ஆனா சந்தோஷப்பட விடலை. வயித்து வாசல்ல ஒளிஞ்சிருக்கற புற்றுநோய் கூட அச்சு அசலா இதே மாதிரி வேஷம் போடுமாம். வயசானவங்களுக்கு வேகமா எடை குறைஞ்சா அதைக் கட்டாயம் பாக்கணும்னு மறுபடி எண்டோஸ்கோப்பி, சிடி ஸ்கேன். ரிப்போர்ட் வர ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் அப்பா வாசல் திண்ணையை விட்டு உள்ள வரலை. நான் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு ஆணியும் புடுங்காம உக்காந்திருந்தேன். ரிப்போர்ட் வந்துச்சு. கட்டி இல்லை. அப்பா ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தார்.

இந்த வியாதி ஒண்ணும் புதுசில்லை. 1674லயே தாமஸ் வில்லிஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் எழுதி வச்சிருக்கார். திமிங்கல எலும்புக் குச்சி நுனியில பஞ்சைக் கட்டி, சாப்பிட்டதும் நோயாளி தானே உள்ள விட்டு சாப்பாட்டைத் தள்ளணும். அந்த மனுஷன் பல வருஷம் அப்படியே ஓட்டியிருக்கார்! 1913ல ஜெர்மனியில எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தக் கதவுத் தசையை வெட்டி விடற ஆபரேஷன் பண்ணினார். 2008ல ஜப்பான்ல ஹருஹிரோ இனோவே அதையே வெளியில கீறாம, வாய் வழியா எண்டோஸ்கோப்பியிலயே செஞ்சார். குழாயோட உள்தோலுக்கு அடியில சுரங்கம் மாதிரி போய் தசையை மட்டும் வெட்டறது. போயம்னு சொல்றாங்க. அம்மாவுக்கு 2023 ஜூன்ல அதுதான் பண்ணினோம்.

செத்துப்போன நரம்பு திரும்பி வராது. அலை இனிமே கிடையாது, கதவு மட்டும் திறந்திருக்கு. சோறு தன் எடையிலதான் இறங்கணும். அதனால சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது, கட்டில் தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல். கதவு திறந்தே இருக்கறதால இப்ப கீழ இருக்கற அமிலம் மேல வருது. இந்த சிகிச்சையில அது அடிக்கடி வர்ற தொந்தரவாம். அதுக்கு என்ன மாத்திரைங்கறீங்க? அதே பான்டாபிரசோல்! "இதைத்தான அந்த டாக்டரு அப்பமே குடுத்தாரு"ன்னு அம்மா அவருக்கு வக்காலத்து வேற.

இப்ப 54 கிலோ. போன தை மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துல முதல் பந்தியிலயே உக்காந்தாங்க. ரசம் சோறு வரைக்கும் ஒரு தடவை கூட எழுந்திரிக்கலை. பக்கத்துல ரெண்டு தண்ணி பாட்டில் மட்டும் எடுத்து வச்சிருந்தாங்க. ஒண்ணை பிரிக்கவே இல்லை.