இரண்டு பிடி கடன்

சீட்டாட்டத்தின் விதிகளை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதுவும் ஒரு குடும்பத்துக்குள் காலங்காலமாக நடக்கும் ஆட்டமென்றால், தப்பாக ஒரு சீட்டை இறக்கிய பிறகுதான் விதி என்ன என்றே தெரியவரும். லக்னோவுக்கு மருமகளாகப் போன ஒரு திருச்சூர்ப் பெண்ணுக்கு 2020 மார்ச் கடைசியில் இது தெரியவந்தது.

கல்யாணம் பிப்ரவரியில் நடந்தது. தலை ஹோலிக்குப் புகுந்த வீட்டுக்கு வந்தாள். பண்டிகை முடிந்ததும் கணவன் வேலைக்காக பெங்களூர் திரும்பினான். வீடு பார்த்துவிட்டு, பத்து நாளில் அவளை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. ரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தன. அவளுக்கு மிஞ்சியது பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியும், அதிகம் பேசிப் பழகாத மாமனார் மாமியாரும்தான்.

இருவரும் நல்லவர்கள். சிக்கலே அதுதான். முதல் வாரம் அவள் வைத்த பருப்பில் உப்பு கரித்தது. அவளாலேயே சாப்பிட முடியவில்லை. அவர்களோ "பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லித் தட்டைக் காலி செய்தார்கள். விருந்தாளியின் மனம் நோகக்கூடாது அல்லவா?

இரவில் பொழுது போகவில்லை. மாமனார் சீட்டுக்கட்டை எடுத்து வந்தார். "தீன் தோ பாஞ்ச்" என்றார். மூன்று, இரண்டு, ஐந்து. வடக்கே வீடுகளிலும் ரயில் பெட்டிகளிலும் ஆடுகிற ஆட்டம். சரியாக மூன்று பேர் வேண்டும். அந்த வீட்டின் மூன்றாவது ஆள் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தான்.

கட்டில் 30 சீட்டுதான். நான்கு ஜாதியிலும் எட்டு முதல் ஆஸ் வரை 28. அதோடு ஸ்பேடிலும் ஆடுதனிலும் ஏழு. ஆளுக்குப் பத்து. முதல் ஐந்து சீட்டைப் பார்த்ததும் ஒருவர் துருப்பு சொல்ல வேண்டும். சொன்னவர் ஐந்து பிடி எடுத்தாக வேண்டும். சீட்டு போட்டவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு மூன்று. அடுத்த ஆட்டத்தில் பொறுப்பு கை மாறும்.

இவ்வளவும் அவளுக்குப் பின்னால் புரிந்தவை. அன்று புரிந்தது வேகம் மட்டும்தான். வேறு எதிலும் அவசரப்படாத அந்த இருவரும் சீட்டைக் கையில் எடுத்தால் வேறு ஆட்கள். பட், பட் என்று சீட்டு விழும். இவள் தன் சீட்டுகளை ஜாதி பிரித்து அடுக்குவதற்குள் இரண்டு பிடி போயிருக்கும்.

சீட்டு அவளுக்குப் புதிதல்ல. ஓண விடுமுறையில் தாத்தா வீட்டுத் திண்ணையில் இருபத்தெட்டு ஆடி வளர்ந்தவள். அந்தத் தைரியத்தில் ஸ்பேடு ஜாக்கியை ஓங்கி அடித்துவிட்டுப் பிடியை அள்ளக் கை நீட்டினாள். மாமியாரின் ராணி அதன் மேல் சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. கேரளத்து இருபத்தெட்டில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரியது, அடுத்து ஒன்பது, அதற்குப் பிறகே ஆஸ். தட்டுத் தடுமாறி இதைச் சொன்னாள். இந்தியில் ஜாக்கிக்கு குலாம், அதாவது அடிமை என்று பெயர். "அப்படியானால் உங்கள் ஊரில் அடிமைதான் ராஜாவை ஆள்கிறானா?" என்று மாமனார் சிரித்தார். அந்த வீட்டில் அவளும் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் ஆட்டத்தின் உயிரான விதியை அவர்கள் அவளிடம் காட்டவே இல்லை. அது கடன். குறைவாகப் பிடித்தவர் எத்தனை பிடி குறைந்தாரோ, அத்தனை சீட்டை அடுத்த ஆட்டத்தில் இழக்க வேண்டும். அதிகம் பிடித்தவர் அவர் கையிலிருந்து பார்க்காமல் உருவிக்கொண்டு, தனக்கு வேண்டாத சீட்டைத் தள்ளிவிடுவார். மாமனாரும் மாமியாரும் ஒருவரிடம் ஒருவர் இரக்கமில்லாமல் வசூலித்தார்கள். இவள் முறை வந்தால் மட்டும், "விடு, புதுசுதானே" என்று சீட்டைக் கலைத்துவிடுவார்கள். ஒருநாள் கையில் ஆடுதன் இருப்பதைக் கவனிக்காமல் துருப்பு போட்டு வெட்டிவிட்டாள். அடுத்த சுற்றில் அந்த ஆடுதன் வெளியே வந்தது. மாமியார் பார்த்தார், பார்க்காதது போல இருந்துவிட்டார்.

அன்றிரவு கணவனிடம் போனில் சொன்னாள்: "இவர்கள் என்னோடு விளையாடவில்லை. எனக்கு விளையாட்டுக் காட்டுகிறார்கள்."

மறுநாள் துருப்பு சொல்லும் பொறுப்பு அவளுக்கு. ஐந்துக்கு மூன்றுதான் பிடித்தாள். மாமியார் மூன்றுக்கு ஐந்து. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போட்டதும் தன் பத்துச் சீட்டையும் விசிறிபோல் விரித்து மாமியாரிடம் நீட்டினாள். "இரண்டு கடன், மம்மிஜி. உருவுங்கள்."

மாமியார் கணவரைப் பார்த்தார். அவர் தன் சீட்டில் கண்ணாக இருந்தார். மாமியார் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு உருவினார். போனது ஆடுதன் ஆஸ். பதிலுக்கு வந்தது கிளாவர் எட்டு. மறுபடி உருவினார். ராஜா போயிற்று, டைமன் ஒன்பது வந்தது. அந்த ஆட்டத்தில் அவளுக்கு இரண்டே பிடி போதும். ஒன்றுதான் கிடைத்தது.

கடனோடு படுக்கப் போனாள். நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் மத்தியானம் மாமியார் பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்: "பஹூ, உப்பு அதிகம்."

குறைந்துபோன உபசாரத்தில் கௌரவக் குறைச்சல் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தயவு காட்டுவது வெளி ஆளிடம். கணக்குப் பார்ப்பது, தோற்றாலும் நாளை இங்கேதான் இருப்பாள் என்று நம்புகிறவளிடம். கடன் சொல்லி ஆட ஆரம்பித்த பிறகு பேச்சும் வளர்ந்தது, சண்டையும் வந்தது. துருப்பு வெட்டு பற்றிய ஒரு தகராறில் மாமனார் ஒருநாள் முழுக்க இருவரிடமும் பேசவில்லை.

உள்நாட்டு விமானங்கள் மே 25-ல் மறுபடி பறக்கத் தொடங்கின. ஜூனில் மகன் வந்து சேர்ந்தான். தனி அறையில் இருக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டுத் தன் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தான். அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அது அவள் இடம். எனக்கு இன்னும் இரண்டு பிடி பாக்கி. தீர்ந்ததும் சொல்கிறேன்."

அந்த ஆட்டத்தில் கடன் எப்போதுமே தீர்வதில்லை என்பது அவனுக்கும் தெரியும். நகர்ந்து உட்கார்ந்தான்.