தோளில் ஒரு துண்டு

ஆடவருக்கு மேல்துண்டு அவசியந்தானா என்று சிலர் கேட்கிறார்கள். அவசியமே என்போம் நாம். வெயிலில் முண்டாசு, பனியில் மப்ளர், களைத்தபோது தலையணை, சந்தையில் காய்கறி மூட்டை என்று ஒரே துண்டு எத்தனைக்கு உதவுகிறது!

அதை எப்படி அணிவது? ஜரிகை அங்கவஸ்திரமும் விசிறி மடிப்பும் கல்யாணத்துக்கு ஆகட்டும். அன்றாடத்துக்குக் கதர்த் துண்டு போதும். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் குல்லாயையும் துறந்து அரைத்துணி உடுத்தத் தீர்மானித்தார். அப்போதும், உடம்பைக் காக்க வேண்டியபோது போர்த்திக்கொள்ள ஒரு மேல்துணியை அவர் வைத்துக்கொண்டார்.

ஆயினும் இத்துண்டுக்கு வெட்கக்கேடான சரித்திரம் ஒன்றும் உண்டு. மேல்சாதிக்காரர் எதிர்ப்பட்டால், தாழ்த்தப்பட்ட வகுப்பார் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவோ, கக்கத்தில் இடுக்கவோ வேண்டியிருந்தது. பல ஊர்களில் நாதஸ்வரக்காரர்களையும் இக்கொடுமை விடவில்லை. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது விதி தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை வழக்கத்தில் ஒளித்து வைத்தல் தகுமா?

மகனுக்குத் துண்டு மடிக்கக் கற்பிக்கும் தந்தையர் இதனையும் கற்பிப்பாராக: மரியாதை சொல்லிலும் பார்வையிலும் இருக்கட்டும், பிறர் தோளிலிருந்து துண்டு இறங்குவதால் நம் தோள் உயர்ந்துவிடாது.