எத்தனை எம்.பி.பி.எஸ். என்று மட்டும் கேட்டால் போதுமா? தொலைபேசிக் கம்பி சொல்லும் கணக்கு!

பிராட்பேண்ட் இணைப்பு வாங்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்.பி.பி.எஸ்?" என்பதுதான். அது வீட்டுக்குள் வரும் வேகமா, வீட்டிலிருந்து வெளியே போகும் வேகமா என்று கேட்பவர்கள் குறைவு. படம் பார்ப்பவர்களுக்கு அந்தக் கேள்வி அவசியமில்லை. இணையத்தை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

மதுரைப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துபவர், சில ஆண்டுகளுக்கு முன் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். கீழே ஸ்டுடியோ, மாடியில் வீடு. இரண்டுக்கும் ஒரே லேண்ட்லைன், அதிலேயே பிராட்பேண்ட். கல்யாண ஆல்பத்தை டிசைன் செய்து, பிரின்ட் போடும் லேபுக்கு இணையம் வழியாக அனுப்ப வேண்டும். ஓர் ஆல்பம் 2 ஜி.பி. வரை வரும். ராத்திரி அனுப்ப ஆரம்பித்தால் விடியற்காலையில்தான் முடியும். நடுவில் அறுந்தால், மறுபடி முதலிலிருந்து. சொன்ன தேதியில் ஆல்பம் தராவிட்டால் அடுத்த கல்யாண ஆர்டர் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

அதிக வேக பிளானுக்கு மாறிப் பார்த்தார். பில் ஏறியது, வேலை நடக்கவில்லை. போதாக்குறைக்கு, இரவு 9 மணி ஆனால் இணைப்பு அறுந்தது. வெளியூரில் இருக்கும் மகள், அப்பத்தாவுக்கு போன் செய்யும் நேரம் அது. "அப்பத்தா போனை எடுத்தாலே நெட் கட்டாகுதுப்பா... மாடி போனைக் கழட்டிருவோம்" என்றான் பேரன். முப்பது வருடமாகச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மனப்பாடமான நம்பர் அது. அப்பத்தா இரண்டு நாள் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஒரே கம்பி, மூன்று பாதை

பிரச்னை அப்பத்தாவிடம் இல்லை. தொலைபேசிப் பேச்சுக்குத் தேவை, 4 கிலோஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அலைவரிசை மட்டுமே. அதற்கு மேலே காலியாகக் கிடக்கும் இடத்தில்தான் ஏ.டி.எஸ்.எல். இணையம் ஓடுகிறது. சுமார் 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை வெளியே அனுப்ப. அதற்கு மேல் 1,100 வரை உள்ளே வாங்க. பேச்சையும் இணையத்தையும் பிரித்து வைப்பது, ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி. கீழே அது இருந்தது. மாடி போனோ, ஸ்பிளிட்டருக்கு முன்பே நேரடியாகக் கம்பியில் இழுக்கப்பட்டிருந்தது. ரிசீவரை எடுத்ததும் இணைய சிக்னல் குலைந்தது.

வந்து பார்த்த லைன்மேன், மாடி போனுக்கு ஒரு ஃபில்டர் மாட்டினார். அன்று இரவு அப்பத்தா அரை மணி நேரம் பேசினார், நெட் அறுபடவில்லை. ஆனால், வேகத்தைப் பற்றி அவர் சொன்னது வேறு. "எக்ஸ்சேஞ்ச் இங்கிருந்து நாலு கிலோமீட்டர். பிளானை எவ்வளவு கூட்டினாலும், கம்பி தாங்குறதுதாண்ணே வரும்."

வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று

வாங்குவது அதிகம், அனுப்புவது குறைவு என்ற இந்த ஏற்பாடு தற்செயல் அல்ல. அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர், 1980-களின் பிற்பகுதியில் முன்வைத்த யோசனை இது. ஒரே கேபிளில் நெருங்கிக் கிடக்கும் கம்பிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். இரு பக்கமும் சம வேகம் கேட்டால் தொந்தரவு கூடும். உள்ளே வருவதற்கு அதிக இடம் ஒதுக்கினால் மொத்த வேகம் உயரும். வீடுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

இந்தியாவில் பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் தொடங்கிய 'டேட்டாஒன்' சேவையும் இந்த வகைதான். அப்போது 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ், 24 எம்.பி.பி.எஸ். வரை இறக்கும், எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருந்தால் மட்டும். அனுப்பும் வேகம் ஏறக்குறைய 1 எம்.பி.பி.எஸ்.தான். அந்த வேகத்தில் 2 ஜி.பி. ஆல்பம் போக நாலரை மணி நேரம் ஆகும். ஸ்டுடியோக்காரரின் ராத்திரிகள் போன கணக்கு இதுதான்.

வி.டி.எஸ்.எல். 2 இன்னும் வேகம்; 100 எம்.பி.பி.எஸ். வரைகூடத் தரும். ஆனால், சில நூறு மீட்டருக்குள்தான் அந்தக் கெத்து. ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் அதுவும் பழைய கதைதான். அலுவலகங்களுக்காக வந்தது எஸ்.எச்.டி.எஸ்.எல். இரு பக்கமும் ஒரே வேகம்; ஒரு ஜோடிக் கம்பியில் சுமார் 2 எம்.பி.பி.எஸ். பேச்சுக்கான இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்வதால், அதே கம்பியில் சாதாரண போன் பேச முடியாது. அப்பத்தா வீட்டுக்கு அது சரிவராது. வணிக இணைப்புகளுக்குக் கட்டணம் அதிகம் என்றாலும், மாறாத ஐ.பி. முகவரி, பழுதானால் இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்யும் உத்தரவாதம் போன்றவை அதில் கிடைக்கும்.

வாங்கும் முன் கேளுங்கள்

தெருவுக்கு ஃபைபர் வந்ததும் ஸ்டுடியோக்காரர் அதற்கு மாறினார். மாறும் முன் அவர் கேட்ட கேள்விகளை எல்லோருமே கேட்கலாம். அப்லோடு வேகம் எவ்வளவு? பழைய லேண்ட்லைன் நம்பரை வைத்துக்கொள்ள முடியுமா? பழுதானால் எப்போது வருவார்கள்? கரன்ட் போனால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செப்புக் கம்பியில் சாதாரண லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் போன் அடிக்கும். ஃபைபர் போனுக்கு அந்த வசதி கிடையாது. மோடத்துக்கு கரன்ட் இருந்தால்தான் பேச முடியும். அதனால் மோடத்தோடு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி மாட்டினார் அவர்.

ஆல்பங்கள் இப்போது டீ குடித்து முடிப்பதற்குள் லேபுக்குப் போய்விடுகின்றன. அப்பத்தாவின் நம்பர் மாறவில்லை.